ரொட்டி கேட்கவில்லை

லொரெதானாவின் மூக்கைப் பற்றி எங்கள் மலைப்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த தெருவில் வெங்காயம் அடிப்பிடித்தால் அவள்தான் முதலில் ஜன்னலைத் திறந்து கத்துவாள். அவளுடைய தாய்மாமன் எவரிஸ்தோவின் மூக்கைப் பற்றித்தான் யாருக்கும் தெரியாது. தெரிந்துவிடக் கூடாதென்று வீட்டுக்குள்ளேயே காவல் இருந்தது: அவர், அவர் மனைவி மிரெல்லா, லொரெதானா.

மூன்று வருடத்துக்கு முன் வந்த ஒரு குளிர்காலக் காய்ச்சல் போகும்போது அவருடைய முகரும் சக்தியையும் கொண்டுபோய்விட்டது. காபியும் சாணமும் அவருக்கு ஒன்றுதான். வேறு வேலை செய்கிறவனுக்கு இது ஒரு குறை, அவ்வளவுதான். ஒயின் செய்கிறவனுக்கு அப்படியா? எங்கள் ஊர் வாய்களுக்கு இது கிடைத்தால் போதும், சந்தை கலைவதற்குள் பெருஜியா நகரம் வரை போய்விடும். அதனால் பீப்பாய்களை மிரெல்லா முகர்ந்து சொன்னாள், அவர் கேட்டுச் செய்தார்.

விருந்தாளிகள் வரும் நாளுக்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். எவரிஸ்தோ பாட்டிலைத் திறந்து, துளி ஊற்றி, கண்ணை மூடி முகர்வதுபோல் முகர்வார். அந்தக் கிளாஸ், பக்கத்தில் நிற்கும் மிரெல்லாவின் கைக்குப் போகும். நன்றாக இருந்தால் அவள் சும்மா இருப்பாள். தக்கையில் பூஞ்சணம் பட்டு அந்த நாற்றம் ஒயினில் இறங்கியிருந்தால், "ரொட்டி வெட்டவா?" என்று கேட்பாள். உடனே இவர் முகத்தைச் சுளித்து, "ச்சே, தக்கை கெடுத்துடுச்சு!" என்று பாட்டிலைத் தொட்டியில் கவிழ்ப்பார். எப்போதாவது ஒரு பாட்டில் அப்படிப் போவது சகஜம், யார் தப்பும் இல்லை. வந்தவர்கள் அவர் மூக்கை மெச்சிவிட்டுப் போவார்கள்.

அந்த ஜூன் மாதச் சனிக்கிழமை மிரெல்லா தன் தங்கையைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. காலையிலேயே போன் செய்தாள்.

"இன்னிக்கு மூக்கு நீதான், லொரே. அவர் பக்கத்துலயே நில்லு. கெட்டிருந்தா ரொட்டி கேளு."

"அத்தை, நான் என்ன சின்னக் குழந்தையா?"

"குழந்தைன்னா பரவாயில்லையே, சொன்னதைச் செய்யும். நீ வாயாடி, அதான் சொல்றேன்."

லொரெதானாவுக்கு வேன் ஓட்டுவதும் ஊர் காட்டுவதும் பிழைப்பு. காலையில் மதில் சூழ்ந்த ஒரு பழைய ஊர், நடுவில் மாமாவின் நிலவறையில் ஒயின், சாயங்காலம் வரை இன்னொரு மதில் ஊர். அன்று நான்கு பேர் வந்திருந்தார்கள். ஃபெர்ராராவிலிருந்து வேலையில் ஓய்வுபெற்ற இரண்டு சகோதரிகள். பொலோஞ்ஞாவிலிருந்து ரென்ஸோ, அவனுடைய புது மனைவி கமில்லா. இந்த ரென்ஸோ ஒயின் பற்றி ஒரு மாலை வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவன். வேனில் ஏறியதும் அதைச் சொல்லிவிட்டான், இறங்குவதற்குள் இன்னொரு தடவையும் சொன்னான்.

"இவளுக்கு எல்லாம் ஒண்ணுதான்," என்று மனைவியைக் காட்டினான். "வினிகரை ஊத்திக் கொடுத்தாலும் 'நல்லாயிருக்கு'ன்னு குடிப்பா."

கமில்லாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பழகிய சிரிப்பு.

முதல் ஊரின் கோட்டை வாசலில் நுழையும்போது அவள் நின்று, "இங்க எங்கயோ அத்தி மரம் இருக்கு," என்றாள். சுற்றிலும் கல்தான் தெரிந்தது. "இருக்கு, மதிலுக்கு அந்தப் பக்கம். எனக்கும் வருது வாசனை," என்றாள் லொரெதானா. இந்தப் பெண்ணை அவளுக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

மாமாவின் தோட்டத்தில் வேனை நிறுத்தியபோது மூத்த சகோதரியின் செருப்பு வார் அறுந்தது. அவரைக் கைத்தாங்கலாக மேட்டில் ஏற்றிக் கூட்டிவருவதற்குள் ரென்ஸோவும் கமில்லாவும் உள்ளே போய்விட்டார்கள். எவரிஸ்தோவாவது பொறுத்திருக்கலாம். பொறுமைக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? வாயைப் பிளந்து கேட்க ஒருவன் கிடைத்துவிட்டான், போதாதா!

லொரெதானா படியில் கால் வைத்ததுமே நாற்றம் வந்தது. மழையில் நனைந்து மூலையில் கிடந்த சாக்கின் நாற்றம். பாட்டில் திறந்தாயிற்று. எவரிஸ்தோ கண்ணை மூடித் தலையாட்டியும் ஆயிற்று. போதாக்குறைக்கு, எங்கள் வழக்கப்படி அந்த ஒயினிலேயே துளி ஊற்றி, ஒரு கிளாஸிலிருந்து அடுத்த கிளாஸுக்கு மாற்றி மாற்றி எல்லாவற்றையும் அலசி வைத்திருந்தார். அதுவும் எந்தப் பாட்டில்? காய்ச்சல் வருவதற்கு முன் எடுத்த கடைசி அறுவடை. அவர் மூக்கு முழுசாகப் பார்த்த கடைசி ஒயின். அதைத்தான் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கருப்புச் செர்ரி வரும். அப்புறம் மழை விட்ட கல்பாதை. கடைசியில மெல்லமா தோல் வாசனை, புதுச் செருப்பு மாதிரி."

"ஆமா, ஆமா, செர்ரி!" என்றான் ரென்ஸோ. "தோல் கூட வருது. பிரமாதம், எவரிஸ்தோ ஐயா!"

மாமாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை லொரெதானா பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

கமில்லா கிளாஸை மூக்கிலிருந்து எடுத்தாள். மறுபடி முகர்ந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு என்னவோ ஈரச் சாக்கு மாதிரி வருது."

ரென்ஸோ வெடித்துச் சிரித்தான். "சொன்னேன்ல? சொன்னேன்ல?"

எவரிஸ்தோவின் கை பாட்டிலோடு அப்படியே நின்றது. அவர் லொரெதானாவைப் பார்த்தார். கமில்லாவும் அவளைத்தான் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க, எனக்கு மட்டும்தான் அப்படித் தோணுதா?"

"மாமா, ரொட்டி வெட்டவா?" என்று கேட்டால் முடிந்தது. அது அவள் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவர் ஏற்கெனவே முகர்ந்து, தலையாட்டி, செர்ரி என்று சொல்லிவிட்டாரே? இப்போது ரொட்டி கேட்டால் இந்தச் சான்றிதழ்க்காரன் சும்மா விடுவானா? அந்த முகத்தின் வெளிச்சம் அவள் கையாலா அணைய வேண்டும்?

"அது எங்க மண்ணோட வாசனை," என்றாள். "பழகாத மூக்குக்கு முதல்ல அப்படித்தான் தோணும்."

எவரிஸ்தோவுக்கு உயிர் வந்தது. "பொலோஞ்ஞாவுல சாக்குல கட்டித்தான் ஒயின் விக்கிறாங்களா, பொண்ணே?" என்று கேட்டு அவரே உரக்கச் சிரித்தார். சகோதரிகளும் சிரித்தார்கள். ரென்ஸோவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கமில்லாவுக்குக் கழுத்து வரை சிவந்தது. பிறகு அவள் கிளாஸை எடுத்து, தன்னை மரியாதை தெரியாதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். மருந்து குடிக்கும் குழந்தைபோல் நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்கினாள். லொரெதானா பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரென்ஸோ பெட்டி பெட்டியாக வாங்கினான். வெயிலில் வேனுக்குள் வைத்தால் ஒயின் வெந்துவிடும் என்பதால், திரும்பும்போது எடுத்துக்கொள்வதாகச் சொல்லிக் கிளம்பினார்கள்.

மத்தியானத்து ஊரில், குறுகிய படிக்கட்டுச் சந்துகளில் ஏறி இறங்கி, யார் எந்த மதிலைக் கட்டினார்கள், எந்த வாசலை யார் உடைத்தார்கள் என்று லொரெதானா வாய் ஓயாமல் பேசினாள். வளைவு வாசலில் கமில்லாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். கிணற்றடியில் நினைத்தாள். கமில்லா கோவில் வாசலில் தனியாக நின்றபோதும் நினைத்தாள், நினைத்துக்கொண்டே கூரையைக் காட்டிச் சிற்பத்தைப் பற்றிப் பேசினாள். அந்த நேரத்தில் அவள் குரல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

ரொட்டிக்கடைச் சந்தில் இளைய சகோதரி நின்று மூச்சை இழுத்தார். "என்ன வாசனை இது, அருமையா இருக்கே? கமில்லா, உனக்குத் தெரியுதா?"

சோம்பு பிஸ்கட். பால்குடிக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"எனக்குத் தெரியலைங்க," என்றாள் கமில்லா. "என் மூக்கு சரியில்ல."

அந்த இடத்திலாவது லொரெதானா வாயைத் திறந்திருக்க வேண்டும். அவள் கடைக்குள் போய்ப் பிஸ்கட் வாங்கிவந்து கமில்லாவின் கையில் கொடுத்தாள். கமில்லா நன்றி சொன்னாள். அந்த நன்றி செருப்படியாக விழுந்தது.

திரும்பும் வழியில் மலைச்சரிவில் வேனை ஓட்டிக்கொண்டே அவள் வார்த்தைகளை அடுக்கினாள். தோட்டத்தில் நிறுத்தியதும் கமில்லாவைத் தனியே கூப்பிட்டு, மாமாவின் பெயர் வராமல், நாசூக்காகச் சொல்லிவிட வேண்டியது. முடிவு செய்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆனால் எவரிஸ்தோ வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி. பின்னால் மிரெல்லா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கிளாஸ்களைக் கழுவ எடுத்தவள், முதல் கிளாஸிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

அவர் லொரெதானாவைப் பார்க்கவில்லை. நேராகக் கமில்லாவிடம் வந்தார்.

"பொண்ணே, காலையில நீ சொன்னதுதான் சரி. அந்தப் பாட்டிலைத் தக்கை கெடுத்திருந்துச்சு. எனக்கு மூக்கு கிடையாதும்மா. மூணு வருஷமாச்சு, ஒரு வாசனையும் தெரியாது. பழைய நினைப்புல செர்ரி, கல்பாதைன்னு ஒப்பிச்சேன். நான் போய் உன்னைக் கேலி பண்ணினேன் பாரு, அதை நினைச்சா எனக்குச் சாப்பாடு இறங்கல. மன்னிச்சுடு."

எல்லோர் முன்னாலும் சொன்னார். மூன்று வருடம் காத்ததை ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

"உண்மையைச் சொன்னா, எனக்கும் அப்பவே லேசா ஒரு சந்தேகம்," என்றான் ரென்ஸோ. "மரியாதைக்காகத்தான் நான்..."

"சும்மா இரு, ரென்ஸோ," என்றாள் கமில்லா.

அவன் சும்மா இருந்தான். அவனுக்கே அது ஆச்சரியம்.

மிரெல்லா அதே அறுவடையில் வேறொரு பாட்டிலைத் திறந்து, சுத்தமான கிளாஸில் ஊற்றினாள். எவரிஸ்தோ அதை இரண்டு கையாலும் கமில்லாவிடம் நீட்டினார். "எப்படி இருக்குன்னு சொல்லு. எனக்காகச் சொல்லு."

கமில்லா முகர்ந்தாள். நிதானமாகச் சொன்னாள். "செர்ரி இருக்கு. நல்ல கருப்பா இருக்கு. கொஞ்சம் காய்ஞ்ச ஆரஞ்சுத் தோலும் வருது." எவரிஸ்தோ கண்ணை மூடிக் கேட்டார். இந்தத் தடவை அது நடிப்பில்லை. ஆரஞ்சுத் தோல் அவருக்குப் புதுசு.

அப்புறம் கமில்லா லொரெதானாவின் பக்கம் திரும்பினாள்.

"அவருக்கு மூக்கு இல்ல. உங்களுக்கு இருக்கே?"

"இருக்கு."

"அத்தி மரம் உங்களுக்கும் தெரிஞ்சுது. அப்ப இதுவும் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுது," என்றாள் லொரெதானா. "படியிலேயே தெரிஞ்சுது."

கமில்லா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் அந்தக் கிளாஸ் முழுசையும் குடிச்சேன். நீங்க பார்த்துக்கிட்டே இருந்தீங்க."

மாமாவுக்காகத்தான் என்று சொல்லத் தோன்றியது. அந்த மாமாதான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாரே. அவருடைய மானத்தைக் காப்பாற்றத்தான் இந்தப் பெண்ணின் மானத்தை விட்டுக்கொடுத்தாள், கடைசியில் அவர் தன்னுடையதைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டார். அவள் முகம் காந்தியது.

மிரெல்லா யாரையும் கேட்காமல் உள்ளே போய் ரொட்டியை வெட்டிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். எல்லோரும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். தட்டு லொரெதானாவின் முன்னால் வந்தபோது அவள் கை அதைத் தொடக் கூசியது.