திருப்பி வைத்த அம்புக்குறி

எங்கள் தீவின் பள்ளத்தாக்கில் ஓடையை ஒட்டிப் பழைய மாவு மில்கள் நிற்கின்றன. ஓடைத் தண்ணீரில் ஓடிய மில்கள். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே நின்றுபோனவை. மாமனார் இறந்தபோது மேல் மில் என் கணவன் ஸானிஸுக்கு வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம், பெரிய மரங்களின் நிழலில் இருக்கும் கீழ் மில் அவன் தம்பி லினார்டோஸுக்குப் போனது. நிழல் தம்பிக்குப் போய்விட்டது என்று அன்றைக்கே அவனோடு பேச்சை நிறுத்தியவன் ஸானிஸ்.

பிறகு நடைபயணச் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். மேல் ஊரிலிருந்து கடற்கரை வரை, மில்களைப் பார்த்துக்கொண்டே நடக்க ஒரு பாதை போட வேண்டும் என்றார்கள்.

"என் நெலம் என்ன கழுதைப் பாதையா? வந்தவன் போனவனெல்லாம் மிதிச்சிட்டுப் போறதுக்கு?" என்று ஸானிஸ் விரட்டினான்.

லினார்டோஸ், "வாங்க, வாங்க. எனக்கும் பேச்சுத் துணைக்கு ஆளாச்சு" என்றான்.

பாதை ஓடையைத் தாண்டி அவன் முற்றத்தின் வழியாகப் போனது. அவன் நான்கு மேஜை போட்டு, வருகிறவர்களுக்குக் காப்பியும் எலுமிச்சைச் சாறும் கொடுத்தான். வழிகாட்டிப் பலகைகளுக்கு வண்ணம் அடிப்பது, திருகாணி முறுக்குவது எல்லாம் அவன் பொறுப்பு. கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும்போதெல்லாம் ஸானிஸ் நாற்காலியை இழுத்துத் திருப்பிப் போட்டுக்கொள்வான்.

"கேட்டியா மொஸ்கூலா? வெளிநாட்டுக்காரிங்க சிரிக்கிறாங்க. அவன் மூஞ்சியப் பாத்தா சிரிப்பு வராம என்ன பண்ணும்?"

ஒரு வருஷம் ஈஸ்டருக்கு முந்தின வாரம் நல்ல மழை. மழை விட்ட ஒரு மத்தியானம், ஏதென்ஸிலிருந்து எங்கள் மகள் கலோமிரா போன் செய்தாள்.

"அம்மா, ஸ்த்ராடோஸ் வந்துட்டாரா? காலைக் கப்பல்லயே வந்து எறங்கிட்டாரு. மேல ஊர்ல பஸ்ஸ விட்டுட்டு நடந்தே வரப்போறேன், உங்ககிட்ட சொல்லாதேன்னாரு. இப்ப போன் போட்டா எடுக்கல."

மருமகனுக்கு நடப்பதென்றால் உயிர். நான் உள்ளே போய்ச் சொன்னேன். ஸானிஸ் சமையலுக்கு ஆர்டிசோக் என்னும் பூமொட்டுகளை நறுக்கிக்கொண்டிருந்தான். கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தான்.

"எந்தப் பாதையில?"

"இதென்ன கேள்வி? அம்புக்குறி போட்ட பாதையிலதான்."

செருப்புக்கூட மாட்டாமல் ஓடினான். நடைபாதைப் பக்கம் போகவில்லை. எங்கள் நிலத்துப் பழைய வாய்க்கால் பக்கம் ஓடினான். நானும் பின்னால் ஓடினேன். அந்த வாய்க்கால் மில்லின் கல் கோபுரத்து உச்சியில் போய் முடிகிறது. அங்கிருந்து தண்ணீர் கிணறு போன்ற குழிக்குள் விழுந்துதான் அந்தக் காலத்தில் சக்கரம் சுற்றும். இப்போது குழியின் வாயை முள்ளுச்செடி மூடியிருக்கிறது. தெரிந்தவர்கள் யாரும் அங்கே கால் வைக்க மாட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது லினார்டோஸ் ஏற்கெனவே குழிக்குள் இருந்தான். அலறல் கேட்டு ஓடையைத் தாண்டி வந்தவன், அத்திமரத்தில் கயிற்றைக் கட்டி இறங்கியிருக்கிறான். உள்ளே மழைத்தண்ணீர். மயங்கிக் கிடந்த மருமகனின் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றான். மேலே ஸானிஸ் கயிறு நழுவாமல் பிடித்திருந்தான்.

"கயித்த விட்றாத, அண்ணே!" என்று கத்தினான். அத்தனை காலத்துக்குப் பிறகு அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு அது.

தீயணைப்புக்காரர்கள் வந்து மேலே தூக்கினார்கள். ஹெலிகாப்டர் கொண்டு போனது. ஸ்த்ராடோஸ் பிழைத்துக்கொண்டான். ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவேயில்லை.

கூட்டம் கலைந்ததும் பாதை பிரியும் இடத்துக்குப் போனேன். அம்புக்குறி ஓடைப் பக்கம் காட்டாமல் எங்கள் வாய்க்காலைக் காட்டிக்கொண்டிருந்தது. ஸானிஸ் என் பின்னால் வந்து நின்றான்.

"கொஞ்ச தூரம் நடந்து, வழி இல்லன்னு திரும்பிருவாங்கன்னு நெனச்சேன். அவன் கடைக்குப் போகாம இருந்தாப் போதும்னு..."

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போது லினார்டோஸ் நனைந்த துணியோடு வந்தான். அம்பைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். அம்பைச் சரியான பக்கம் திருப்பி, பேனாக்கத்தியால் திருகாணியை முறுக்கினான்.

"போலீஸ் கேட்டா, நான் சரியா முறுக்காம விட்டதுன்னு சொல்லிக்கிறேன். மருமகன் நெலமை இப்படி ஆயிடுச்சு. கலோமிராவுக்கு அப்பனாவது மிஞ்சட்டும்."

அப்படியே சொன்னான். சங்கம் அவன் பொறுப்பைப் பிடுங்கிக்கொண்டது, பாதையை வேறு பக்கம் மாற்றியது. மேஜைகள் காலியாகக் கிடந்தன. கலோமிரா ஆஸ்பத்திரியிலிருந்து போனில், "ஒரு திருகாணிய முறுக்கத் துப்பில்லையா சித்தப்பா?" என்று கத்தினாள். "தப்புதாம்மா" என்றான் அவன்.

இதையெல்லாம் பார்த்து ஸானிஸ் கூனிக்குறுகிப் போவான் என்று நினைத்தேன். முதலில் அப்படித்தான் இருந்தான். கோடையில் ஒருநாள் காப்பிக்கடையில் யாரோ லினார்டோஸைத் திட்ட, இவனும் சேர்ந்துகொண்டான்.

"சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்படித்தான். எதுலயும் கவனம் கெடையாது."

சொல்லும்போது அவன் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. தானே அதை நம்பத் தொடங்கிவிட்டான். மறுநாள் நான் ஏதென்ஸுக்குக் கப்பலேறினேன்.

நடந்ததை நான் சொல்லி முடிக்கும்வரை கலோமிரா புருஷனுக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தாள். கன்னத்துச் சோப்பைத் துடைத்தாள். கத்தியைக் கழுவி வைத்தாள். சக்கர நாற்காலியில் இருந்தவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கப்பலுக்கு நேரமாச்சும்மா" என்றாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் போனை எடுப்பதில்லை.

திரும்பி வந்ததும், கலோமிராவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று லினார்டோஸிடம் போய்ச் சொன்னேன். மகிழ்வான் என்றுகூட ஒரு நினைப்பு இருந்தது எனக்கு. அவன் மேஜைகளை உள்ளே தூக்கிக்கொண்டிருந்தான்.

"நான் ஒருத்தன் சுமந்தாப் போதும்னுதானே இருந்தேன், அண்ணி. இப்ப அந்தப் பொண்ணு தலையிலயும் ஏத்திட்டியே. யார் கேட்டா உன்ன?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் வீட்டுக்குப் போய் ஸானிஸுக்குச் சாப்பாடு எடுத்து வைத்தேன்.