இடது காலுக்கு வேலை இல்லாத வண்டி

எங்கள் முதலாளி சிவசுப்பிரமணியத்துக்கு இடது முழங்கால் மடங்காது. திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த நாளிலிருந்து அவரால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை. அதனால்தான் எனக்கு டிரைவர் வேலை கிடைத்தது. என் பெயர் தவசி, உசிலம்பட்டிப் பக்கம். பனியன் கம்பெனியில் எல்லாரும் கையால் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கினார்கள். நான் பத்து வருடம் இடது காலுக்குச் சம்பளம் வாங்கினேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

எங்களுடையது பழைய டீசல் கார். தெருமுனையில் திரும்பும்போதே அதன் சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஆறுச்சாமி கேட்டைத் திறந்து வைத்துவிடுவார்.

இரண்டாயிரத்து எட்டில் டென்மார்க்கிலிருந்து துணி வாங்க வந்த பையர் ஒருவர், உங்கள் நாட்டிலும் ஹைபிரிட் கார் வந்துவிட்டதாமே என்று முதலாளியிடம் கேட்டுவிட்டுப் போனார். வந்த மனுஷன் துணியை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம்.

"தவசி, கோயமுத்தூர்ல இருந்து அந்த வண்டியக் கொண்டு வர்றாங்க. நீ ஓட்டிப் பாத்துட்டு நல்லது கெட்டது எழுதிக் குடு. அதப் பாத்துட்டுத்தான் வாங்கறதும் உடறதும்" என்றார் முதலாளி.

"எழுதியே தரணுங்களா?"

"பின்ன? ரிப்போர்ட் இல்லாம நம்ம துணியவே லாரி ஏத்தறதில்ல. இது காரு."

வண்டியைக் கொண்டுவந்த ஷோரூம்காரர் சகாயராஜ், சொந்த ஊர் தூத்துக்குடி. நான் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து மங்கலம் வரை பேசிக்கொண்டே வந்தார். பெட்ரோல் என்ஜினோடு ஒரு கரண்ட் மோட்டாரும் இருக்கிறதாம். சிக்னலில் நின்றால் என்ஜின் தானே அணைந்துவிடும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானே உயிர் பெறும்.

"இதுல கிளட்சே கிடையாது அண்ணாச்சி. இடது கால சும்மா வச்சுட்டு உக்காரலாம்லா."

"அப்ப அந்தக் கால் முடியாதவங்க?"

"அவங்களுக்குன்னே செஞ்ச வண்டில்லா இது" என்றார் சந்தோஷமாக.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவரை ஒரு அறை அறையலாமா என்று தோன்றியது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்ததால் விட்டுவிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் மனைவி ஒச்சம்மாளிடம் சொன்னேன். அவள் இதே கம்பெனியில் செக்கிங் செக்சனில் இருக்கிறாள். அவள் சம்பளத்தை மட்டும் வைத்து எங்களால் வாடகையும் கொடுத்துச் சாப்பிடவும் முடியாது.

"பொய் எழுதாத. ஆனா, எல்லாத்தையும் எழுதணும்னு யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டுத் தயிர்ச்சோற்றைப் பிசைந்தாள்.

எழுதினேன். கெட்டது: டிக்கியில் பாதி இடம் பேட்டரிக்கே போய்விட்டது, நாலு சாம்பிள் பெட்டிக்குப் பதில் இரண்டுதான் ஏறும். மங்கலம் ரோட்டு வேகத்தடையில் அடி தட்டுகிறது. பேட்டரி மக்கர் செய்தால் திருப்பூரில் பார்க்க ஆள் இல்லை. நல்லது: பெட்ரோல் குறைவாகக் குடிக்கிறது. ஏசி நன்று. சத்தமே இல்லை.

முதலாளி இரண்டு தடவை படித்தார். "கிளட்ச் எப்படி?"

"ரொம்ப லேசுங்க."

அது பொய்யில்லை என்பதுதான் அப்போதும் இப்போதும் என் கட்சி.

அவர் நொண்டிக்கொண்டே போய்க் கார்க் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "ரெண்டு மிதிதான் இருக்குது."

"ஆமாங்க."

"நீ பின்னால உக்காரு" என்றார். கூட வர இருந்த சகாயராஜை, பேச்சு அதிகம் என்று சொல்லி ஆபீசில் டீ குடிக்க உட்கார வைத்துவிட்டார்.

முதலாளி மெதுவாகத்தான் ஓட்டினார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தே பழகியவன் நான். பின்மண்டையை அன்றுதான் பார்த்தேன். புஷ்பா தியேட்டர் சிக்னலில் நிறுத்தினார். என்ஜின் அணைந்தது.

"தவசி, வண்டி நின்னு போச்சு."

நான் வெளியே வேடிக்கை பார்த்தேன். பச்சை விழுந்தது. அவர் பதறிப் பிரேக்கை இன்னும் அழுத்தினார். சுற்றிலும் ஹாரன்.

"நடுரோட்டுல நிக்கற வண்டி எனக்கு எதுக்கு? இத இப்பவே திருப்பிக் குடுத்துரலாம்" என்றார்.

எனக்கு வேண்டியது அதுதான். இன்னும் அரை நிமிடம் சும்மா இருந்தால் போதும், வேலை தப்பிவிடும். அப்போது பக்கத்தில் சரக்கு ஏற்றி வந்த மினிடோர்க்காரன் தலையை நீட்டினான்.

"யோவ் பெரிசு, ஓட்டத் தெரியாட்டி ஊட்ல கெட. உனக்கெல்லாம் எதுக்குய்யா காரு?"

முதலாளியின் பின்கழுத்து சிவந்து, தலை தோளுக்குள் இறங்கியது. பத்து வருடத்தில் ரோட்டில் ஒருத்தன் அவரை அப்படிப் பேச நான் விட்டதில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியை இறக்கி மினிடோர்க்காரனுக்கு எங்கள் ஊர்ப் பேச்சில் நாலு கொடுத்தேன். பிறகு முன்பக்கம் சாய்ந்து சொன்னேன்.

"வண்டி நிக்கலீங்க. பிரேக்குல இருந்து கால எடுங்க, தானாப் போகும்."

போனது. கம்பெனி வரை அருமையாக ஓட்டினார். கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, திரும்பாமலே கேட்டார்.

"கிளட்ச் இல்லீங்கறத ஏன் எழுதல?"

"எழுதுனா எனக்கு வேலை இருக்காதுங்களே."

அவர் ஸ்டியரிங்கைத் தடவினார். "வேலையில்லாம உட்ருவனா தவசி?" என்றார்.

சொன்ன சொல் தவறாதவர். வண்டியை வாங்கினார். ஆறுச்சாமி கண் ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பி வராததால் அவருடைய நாற்காலியையும் விசிலையும் எனக்குக் கொடுத்தார்.

முதல் நாள் காலையில் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தேன். வெளியே ஹாரன் அலறியது. ஓடிப்போய்க் கேட் இடுக்கு வழியாகப் பார்த்தால் முதலாளி வந்து நின்றே வெகுநேரம் ஆகியிருக்கிறது.

"என்னப்பா தவசி, தூங்கிட்டயா?"

"இல்லீங்க. வண்டிச் சத்தம் கேக்கலீங்க."

"நல்லதுன்னு நீதானப்பா எழுதிக் குடுத்த."

"ஆமாங்க" என்றேன். அந்த இரும்புக் கேட் லேசில் நகராது. இடது காலைத் தரையில் அழுத்தி ஊன்றித் தள்ளித் திறந்தேன்.