வழிப்போக்கனுக்கு வைத்த தட்டு

ஆவணக் காப்பகத்தில் கொடுத்த கோப்பை லுத்விகா மூன்று முறை படித்தாள். பழைய உளவுத்துறையின் தட்டச்சு. "ஜனவரி 14, 1982. சாமான் அறையில், முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய்க்குப் பின்னால் அச்சு யந்திரம். கதவைத் திறந்து காட்டியவள் வீட்டுக்காரியே." தகவல் கொடுத்தவருக்கு ஏதோ ஒரு புனைபெயர். பெயர் எதற்கு? அன்று அவள் வீட்டுக்குள் வந்தவர் ஒருவர்தான்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் வீடு வீடாக மந்திரிக்க வரும் பங்குச் சாமியார் வின்சென்டி. முன்னறையில் தீர்த்தம் தெளித்துவிட்டுக் கிளம்பத்தான் பார்த்தார். இவள் விட்டாளா? "அந்த ரூம்லயும் ரெண்டு சொட்டுத் தெளிங்க சாமி, நாட்டுக்காக நடக்கிற வேலை" என்று தானே போய்த் திறந்தாள். ராணுவச் சட்டக் காலம்; அரசை எதிர்த்துத் துண்டறிக்கை அச்சடித்தால் சிறை. போலந்தில் வாயைத் திறந்து பேசத் தைரியம் வரும் ஒரே இடம் கோவில்தான். சாமியாரிடமே ஒளிப்பதா? அவரும் பக்தியாகத் தெளித்தார். பாவி, அதே கையால் எழுதியும் கொடுத்திருக்கிறார். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது!

மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. கணவன் ரிஷார்த் சிறைக்குப் போய், நெஞ்சு நோயோடு திரும்பி, சீக்கிரமே செத்துப்போனான். யந்திரம் இருப்பது தெரிந்த இன்னொருவன் இவள் தம்பி லெஷெக் மட்டும்தான். "சாமியார் வந்துட்டுப் போனாரேக்கா" என்று அவன் வாயெடுத்ததுமே கன்னத்தில் அறைந்தாள். "சாமியாரைச் சந்தேகப்படுறவன் போலந்துக்காரனே இல்லடா, யூதாஸ்!"

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை அவன் வந்து கதவைத் தட்டினான். முகம் தெரியாத வழிப்போக்கன் வந்தாலும் உட்காரட்டும் என்று அன்று எல்லா வீட்டு மேசையிலும் ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள். இவள் வீட்டிலும் இருந்தது. ஆனாலும் இவள் திறக்கவில்லை.

இருபத்துமூன்று வருடம்! கோப்பைப் படித்த அந்த டிசம்பரில், முதல் நட்சத்திரம் தெரிந்ததும், ஒருவருக்கொருவர் உடைத்துக் கொடுத்து மன்னிப்புக் கேட்கும் மெல்லிய அப்பத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

"நீ சொன்னதுதான்டா நெசம். அந்தச் சாமியார்தான். நம்மள ஏமாத்திட்டாரு."

"எவரு? மாமா குழி மேல நின்னு, 'தேசத்துக்கு உசுரக் குடுத்தவர்'னு அழுது அழுது பிரசங்கம் வெச்சாரே, அவரா?" லெஷெக் சிரித்தான். அறைந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"மன்னிச்சிருடா." அப்பத்தை நீட்டினாள்.

அவன் தொடவில்லை. "அவரு உன்னைக் காட்டிக்குடுத்தாரு, சரி. என்னைக் காட்டிக்குடுத்தது நீதானேக்கா?"

அப்பத்தை மறுபடியும் கைக்குட்டையில் சுற்றினாள். வந்த வழியே திரும்பினாள்.

"நில்லு. இன்னிக்கு வாசலுக்கு வந்தவங்களத் திருப்பி அனுப்புற பழக்கம் இந்த வீட்ல இல்ல." மேசையில் ஆளில்லாமல் இருந்த தட்டைக் காட்டினான். "அங்க போய் உக்காரு."

லுத்விகா அந்தத் தட்டின் முன் உட்கார்ந்தாள். யாரோ பீட்ரூட் சூப் ஊற்றினார்கள். அப்பம் அவள் மடியில் உடையாமலே கிடந்தது.