முதல் வரியில் வந்த கம்பெனி

என் அண்ணன் தங்கபாண்டிக்குப் புத்தி சொல்லப் போனால் எனக்குத்தான் ரத்தம் கொதிக்கும். திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில் கட்டட வேலை பார்க்கிறவன். 2004-இல் ஒருநாள், துபாய்க்கு ஆள் எடுப்பதாகச் சொல்லும் நோட்டீஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, நான் வேலை பார்த்த தம்பானூர் பிரவுசிங் சென்டருக்கு வந்தான். கம்பெனிப் பேரை அடிக்கச் சொன்னான். அடித்தேன்.

"பாத்தியாட்டி செல்வி? மொத வரியிலயே வந்திருக்கு. ஃபர்ஸ்ட் ரேங்க் கம்பெனி!"

"ரேங்கா? இது என்ன பத்தாங்கிளாஸ் ரிசல்ட்டா? அவன் பேரப் போட்டா அவன் பக்கந்தான் மொதல்ல வரும். திருடன்கிட்டயே போயி நீ திருடனான்னு கேப்பியா?"

"நான் வெளிநாடு போறது ஒனக்குப் பொறுக்கல. சும்மா கெட. எதுத்த லாட்ஜுல இருக்க ஏஜென்டுகிட்ட பாஸ்போர்ட்டக் காலையிலயே குடுத்தாச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டைத் தூக்கி அவன் மண்டையில் போடலாம் போலிருந்தது. நோட்டீசைப் பிடுங்கினேன். அதில் பீற்றியிருந்த ஆங்கில வரி ஒன்றை எழுத்துப் பிசகாமல் அடித்து, இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டேன். அந்த வரி அப்படியே இருக்கிற பக்கங்கள் மட்டும் வரும். பின்னால் ஒரு கழித்தல் குறி, அதை ஒட்டிக் கம்பெனிப் பேர். அந்தப் பேர் உள்ள பக்கமெல்லாம் கழிந்து, கம்பெனியின் சொந்தப் பக்கம் ஒழிந்தது.

ஒரே ஒரு பக்கம் மிஞ்சியது. கோழிக்கோட்டுக்காரர் ஒருவர் அதே நோட்டீசை, வேறொரு கம்பெனிப் பேரில், வரி மாறாமல் எடுத்துப் போட்டிருந்தார். ஏமாந்துவிட்டேன், பாஸ்போர்ட்டும் போயிற்று, அந்த ஏஜென்டின் மொபைல் நம்பர் இதுதான் என்று கீழே எழுதியிருந்தார்.

 நம்பரைக் கையில் எழுதிக்கொண்டு, அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர் லாட்ஜுக்குப் போனேன். ஏஜென்டின் அறையில் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி விஷயத்தைச் சொன்னேன்.

"அது வேற ஆளாணு, பெங்ஙளே. எனிக்கு மொபைலே இல்லா" என்று மலையாளத்தில் என்னைத் தங்கச்சியாக்கிச் சிரித்தான் ஏஜென்ட்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. அவன் மேசைமேல் இருந்த லாட்ஜ் போனையே எடுத்து, அந்த நம்பரை அழுத்தினேன்.

அவன் சட்டைப்பைக்குள் மணியடித்தது.

 என் அண்ணன் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

"எல்லாரு பாஸ்போர்ட்டயும் எடுத்து வைலே."