பிரிஃபர்

காலை எட்டு ஐம்பது ரயிலை விட்டால் வகுப்புக்கு அரை மணி நேரம் தாமதமாகிவிடும். ஆறு மாதத்தில் ரமணி அதை ஒரு சனிக்கிழமைகூட விட்டதில்லை. கிள்ளானில் ஏறி, கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடையின் மாடிக்கு நடப்பாள். அங்கே மார்க்கிரட் டீச்சர் அன்றாட ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்.

மகன் தனேஷுக்கு இது தெரியாது.

அவன் கட்டிக்கொள்ளப்போகும் பெண் கௌசலா. யாழ்ப்பாணத்திலிருந்து மலேசியாவுக்கு வந்த குடும்பம். மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம், வீட்டில் ஆங்கிலம்தான். ரமணி கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்தவள். கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக வேலை. மலாய் தண்ணீர்போல் வரும். ஆங்கிலத்தில் எண்கள் வரும், சூப்பர்வைசர் திட்டுகிற நாலைந்து சொற்கள் வரும்.

பெட்டாலிங் ஜெயாவில் கொண்டோ அடுக்குமாடி வீடு வாங்கிய அன்று தனேஷ் போன் செய்து, "மூணு ரூம்மா" என்றான். ரமணி அப்போதே மனதுக்குள் மூன்றாவது அறையை எடுத்துக்கொண்டாள். கட்டிலை எந்தப் பக்கம் போடுவது, சாமி படத்தை எங்கே மாட்டுவது என்பதுவரை முடிவாகிவிட்டது. கணவர் இறந்து ஒன்பது வருடம். தனேஷும் வேலை கிடைத்ததும் வாடகை அறைக்குப் போய்விட்டான். கல்யாணத்துக்குப் பிறகு மகனோடு இருக்கப்போகிறாள். அதை அவனிடம் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயமாக அது அவளுக்குத் தோன்றவில்லை.

கவலை ஒன்றுதான். அந்த வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கும்போது, இரண்டு பேர் பேசுவது தனக்கு விளங்காமல் போகக் கூடாது.

மார்க்கிரட் டீச்சர் பலகையில் ஒரு சொல்லை எழுதுவார். அர்த்தம் சொல்வார். பிறகு ஒவ்வொருவரும் தங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அன்றைய சொல் பிரிஃபர்.

"ரெண்டு பொருள் முன்னால இருக்கணும். அதுல எது உங்களுக்குக் கூடப் பிடிக்கும்னு சொல்றீங்க. நாகையா அங்கிள், நீங்க சொல்லுங்க."

நாகையா டாக்சி ஓட்டுகிறவர். எழுந்து நின்றார். "ஐ பிரிஃபர் ஸ்லீப், டீச்சர்."

"ஸ்லீப் ஒன்னு. இன்னொன்னு?"

"என் பொண்டாட்டி."

வகுப்பு சிரித்தது. "ஆன்டிகிட்ட போட்டுக் குடுக்கவா?" என்றார் டீச்சர்.

"குடுங்க லா. இங்கிலீஷ்ல குடுங்க, அவளுக்கு ஒன்னும் விளங்காது."

ரமணியின் முறை வந்தது. பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று யோசித்தாள். அதில் எது பிடிக்கும் என்று அவளை யாரும் கேட்டதில்லை. கடைசியில், "ஐ பிரிஃபர் கோப்பி" என்றாள்.

"இன்னொன்னு என்னக்கா?"

"டீ."

"குட்."

நோட்டில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். வீட்டில் சொல்லிப் பார்க்க ஆள் இல்லை. நாலாவது மாடிச் சமையலறையில், அடுப்பைப் பார்த்து, எக்ஸ்கியூஸ் மீ என்றாள். ஹவ் வாஸ் யுவர் டே என்று கேட்டாள். குழம்பு கொதித்தது. ஃபைன், தேங்க் யூ என்று அவளே பதில் சொன்னாள்.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை மாலை தனேஷ் அவளைக் கௌசலா வீட்டுக்கு அழைத்துப் போனான். தாலிக்குப் பொன்னுருக்க நாள் குறிக்க வேண்டும். ரமணி காரில் வரும்போதே, நைஸ் டு மீட் யூ என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"வாங்கோ, வாங்கோ. இருங்கோ" என்றார் கௌசலாவின் அம்மா.

தமிழில் வரவேற்பவரிடம் ஆங்கிலத்தில் என்ன சொல்வது? "நல்லா இருக்கீங்களா?" என்றாள் ரமணி.

அவளிடம் பேசும்போதெல்லாம் அவர்கள் தமிழுக்கு வந்தார்கள். மரியாதையாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள். நாள் குறித்தாயிற்று. கேக் வந்தது, தேநீர் வந்தது. பிறகு பேச்சு தானாக ஆங்கிலத்துக்குப் போனது. ரமணி கோப்பையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் விளங்கியது. சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்லிவிடலாம் என்று இடைவெளிக்குக் காத்திருந்தாள்.

கௌசலாவின் அப்பா கார்த்திகேசு தனேஷ் பக்கம் திரும்பினார். "யுவர் மதர்? வில் ஷீ லிவ் வித் யூ?"

ரமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நோ, அங்கிள்" என்றான் தனேஷ். "ஷீ பிரிஃபர்ஸ் டு லிவ் அலோன்."

சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்த பிறகுதான் சொற்கள் ஒவ்வொன்றாகப் அர்த்தத்தோடு வந்து நின்றன. லிவ், வாழ்வது. அலோன், தனியாக. பிரிஃபர். அதற்கு இரண்டு பொருள் முன்னால் இருக்க வேண்டும்.

"அப்ப தர்ட் ரூம் என் ஆபீஸ்" என்றாள் கௌசலா, கையைத் தூக்கி. எல்லோரும் சிரித்தார்கள்.

கௌசலாவின் அம்மா ரமணியின் தட்டில் இன்னொரு கேக் துண்டை வைத்தார். "கூச்சப்படாமல் எடுங்கோ."

ரமணி சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் பேசியது எதையும் அவள் கேட்கவில்லை.

திரும்பும்போது ஃபெடரல் ஹைவேயில் நெரிசல். தனேஷ் சந்தோஷமாக இருந்தான். ஸ்டியரிங்கில் தாளம் போட்டான்.

"நல்ல மனுஷங்கல்லம்மா? ஒன்னுதான், வாயத் தொறந்தா இங்கிலீஷ். உனக்குப் போரடிச்சிருக்கும். ஒன்னும் புரிஞ்சிருக்காது."

"புரிஞ்சிச்சு."

"ஓ, அப்படியா? என்ன புரிஞ்சிச்சாம்?" என்று கிண்டலாகச் சிரித்தான்.

"வில் ஷீ லிவ் வித் யூன்னு கேட்டாரு. நோ அங்கிள்னு சொன்ன."

தாளம் நின்றது. முன்னால் இருந்த லோரி கொஞ்சம் நகர்ந்தது. தனேஷ் காரை நகர்த்தவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"நீ எங்க இதெல்லாம் கத்துக்கிட்ட?"

"லோரி போயிருச்சு, காரை எடு" என்றாள்.

"நீதானம்மா எப்பவும் சொல்வ" என்றான். குரல் இறங்கியிருந்தது. "தனியா இருக்கறதுதான் எனக்கு நல்லாருக்குன்னு. போன வாரங்கூட போன்ல சொன்ன. நான் ஒன்னும் இல்லாததச் சொல்லல."

அவன் சொன்னது பொய்யில்லை. இந்த ஞாயிறு வேலைம்மா, வர முடியாது, இந்த ஞாயிறு கௌசலா வீட்ல விசேஷம்மா என்று அவன் போன் செய்யும் ஒவ்வொரு முறையும் அவள் அதைத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, இருவருக்குச் சமைத்ததை டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைப்பாள்.

"சொன்னேன்" என்றாள்.

சிறிது தூரம் கார் ஊர்ந்தது. அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"வர முடியாதுன்னு நீ சொன்னதுக்கப்புறம், நான் வேற என்னப்பா சொல்லியிருக்கணும்?"