ஆறாம் பகுதியிலிருந்து பதினொன்றுக்கு

கொத்தனாருக்கு வரவேண்டியது மூன்று லட்சத்து நாற்பதாயிரம். அவர் மனைவியை அடித்துப் போட்ட லாரியை எந்தத் தொழிற்சாலையும் இன்னும் செய்திருக்கவில்லை என்பதால் பணம் நிலுவையில் இருந்தது.

அந்த வருஷம்தான் போக்குவரத்து அலுவலகம் நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இருபது வருஷம் கழித்து எங்கிருந்து எங்கே எத்தனை வண்டி போகும் என்று கணித்தது. கணிப்பு அவ்வளவு துல்லியமாக அமைந்துவிட்டதால், சில வண்டிகள் சாலைக்குக் காத்திராமல் முன்னதாகவே வந்தன. ஆறாம் பகுதியிலிருந்து பதினொன்றுக்குப் போகும் வழி கொத்தனார் வீட்டு அடுப்படியில் இருந்தது. வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தவள் மேல் ஏறிய லாரி சுவருக்குள் போய் மறைந்தது. சுவரில் கீறல்கூட இல்லை. மூலையில் உட்கார்ந்து எண் எழுதிப் பழகிய மகள், வண்டி எண்ணைச் சத்தமாகப் படித்தாள்.

அலுவலர் பரிவாகத்தான் பேசினார். "அந்த வழில வருஷத்துக்கு ஒரு சாவுன்னு கணக்குலயே இருக்கு. உங்க வீட்டுக்காரம்மா ஒரு வருஷத்தச் சரிக்கட்டிட்டாங்க." நஷ்டஈட்டை அந்த லாரியை ஓட்டப்போகிறவர்தான் தரவேண்டும் என்றும் சொன்னார். இனி ஒரு வருஷத்துக்குப் பயமில்லை என்று அக்கம்பக்கத்தார் பெருமூச்சு விட்டார்கள்.

பிறகு வீட்டை இடித்துச் சாலை போட்டார்கள். கொத்தனாரே அதில் கூலிக்குப் போனார். மகள் லாரி ஓட்டக் கற்றாள். இருபதாம் வருஷம், அந்த எண்ணுள்ள லாரி அவள் வேலை பார்த்த கம்பெனிக்கே வந்தது. கொத்தனார் தினமும் ஷெட்டுக்குப் போய் அதன் டிரைவரை மறித்தார்.

"என் பொண்டாட்டியக் கொல்லப்போறவன் நீதானே? பாதியாவது முன்னாடியே குடுய்யா."

"பெரியவரே, நான் கோழியக்கூட அடிச்சதில்ல" என்று அழுதவன், மூன்றாம் மாதம் சாவியை வீசிவிட்டு ஓடிப்போனான். சாவி மகள் கைக்கு வந்தது.

"வேணாம்மா" என்றார் கொத்தனார்.

"நான் அம்மா மேல ஏத்துவேனாப்பா? அந்த எடத்துக்கு முன்னாலயே நிறுத்திடுவேன்."

தினமும் நிறுத்தினாள். ஒரு செவ்வாய்க்கிழமை, காலியான சாலையில் லாரி நின்றுகொண்டிருக்க, பிரேக்கில் கால் அழுந்தியிருக்க, சக்கரத்துக்கு அடியில் மெத்தென்று ஏதோ தூக்கிப்போட்டது. வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. ஒரு சின்னப் பெண் எண்களை ஒவ்வொன்றாகப் படிப்பது கேட்டது.

கொடுக்க வேண்டியதும் வாங்க வேண்டியதும் ஒரே வீடு என்று அலுவலகம் கடனைத் தள்ளுபடி செய்தது. கொத்தனார் கைநாட்டு வைத்தார்.

"கொஞ்சம் மெதுவாப் போயிருக்கக் கூடாதாம்மா?"

"நின்னுட்டுத்தான்ப்பா இருந்தேன்."

மறுநாள் பதினொன்றாம் பகுதிக்குச் சரக்கு இருந்தது. ஏற்றிக்கொண்டு போனாள்.