சத்தத்தைக் குறைத்தாலும் கேட்கும்

“கிடாருக்கு நல்லதுதானவே பண்ணிக் குடுத்தேன்? அதுவும் குத்தமா?”

“நான் ஒங்கிட்ட கேட்டனா, லே?”

மேலநீலிதநல்லூர்க் கோயில் கொடையில், கச்சேரியின் இடைவேளையில், ஜெனரேட்டர் சத்தத்தையும் மீறி மேடைக்குப் பின்னாலிருந்து கேட்டது. முதலில் பேசியவன் எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்தும் பாடகன் லிங்கேஷ். பதில் சொன்னவர் கிடார் வாசிக்கும் பிரின்ஸ் அண்ணாச்சி, அவனைவிட வயதில் மூத்தவர். நான் அதே குழுவில் ரிதம் பேட் வாசிக்கிறேன்.

போன வருஷம் பைக்கில் விழுந்ததிலிருந்து அண்ணாச்சியின் இடது கை மோதிர விரலுக்கு வலு இல்லை. கம்பியைச் சரியாக அழுத்தாது. ‘ஜிர்’ரென்று ஓர் இரைச்சல் வரும். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். வால்யூம் குமிழைப் பாதிக்குக் குறைத்துவிடுவார். எலக்ட்ரிக் கிடாரில் சத்தத்தைக் குறைத்தால் அதன் கூர்மையும் சேர்ந்து மங்கும். போர்வைக்குள் இருந்து வாசிப்பதுபோலக் கேட்கும். அந்தப் போர்வைக்குள் விரல் ஒளிந்துகொண்டது. கேட்கிற சனத்துக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், லிங்கேஷுக்கும்தான்.

கிடாரைச் சரிபார்க்கிறேன் என்று அவனாகத்தான் வாங்கிப்போனான். திருநெல்வேலியில் யாரிடமோ கொடுத்து, வால்யூம் குமிழின் இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு சின்னக் கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் பற்றவைத்துக் கொண்டுவந்தான். ட்ரெபிள் பிளீட் என்பார்கள். இனி சத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் கூர்மை மட்டும் மங்காமல் வந்துவிடும். அண்ணாச்சிக்கு அது அப்போது விளங்கவில்லை. “தம்பிக்கு நம்ம மேல பாசம்லா” என்று என்னிடம் சொன்னார்.

கொடை அன்றைக்கு முதல் பாட்டிலேயே விளங்கிவிட்டது. குமிழைக் குறைக்கக் குறைக்க, மற்ற எல்லாம் அடங்கி அந்த ‘ஜிர்’ மட்டும் ஊசிமாதிரி ஸ்பீக்கரில் வந்தது.

இடைவேளை முடிந்து மேடையேறியதும் அவர் டோன் குமிழைத் திருகினார். வழக்கமாக, அதைக் குறைத்தாலும் கூர்மை அடங்கும். அடங்கவில்லை. மறுபடி திருகினார்.

லிங்கேஷ் மைக்கை விலக்காமலே சொன்னான்: “அது சும்மா சுத்தும் அண்ணாச்சி. ஒயரக் கழட்டியாச்சு.” பிறகு கூட்டத்தைப் பார்த்து, “கிடாருக்குள்ள வண்டு பூந்துட்டு மக்கா, மருந்து வச்சிருக்கியளா?” என்றான்.

சனம் சிரித்தது. முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வாயைக் குவித்து ‘ஜிர்’ரென்றார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். கடைசிப் பாட்டு வரைக்கும் நின்று வாசித்தார். ஒவ்வொரு பாட்டிலும் ‘ஜிர்’ வரும் இடத்தில் பிள்ளைகள் அவருக்கு முந்திக்கொண்டார்கள்.

நேற்று வீட்டுக்கு வரச் சொன்னார். கிடாரின் மூடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

“கணேசா, இத வெட்டிட்டா பழையபடி மங்கிரும்லா? ஆடித்தபசுக்கு நம்மூருலயே கச்சேரி. சொந்தக்காரங்க எல்லாம் வருவாவ. எனக்குக் கை நிக்க மாட்டுக்கு, நீ வெட்டு.”

“எத வெட்டணும்னு கேட்டுட்டு வாரேன் அண்ணாச்சி” என்று எழுந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எங்கள் குழுவின் ஆடித்தபசுத் திருவிழாக் கச்சேரிக்கு பிளக்ஸ் கட்டியிருக்கிறார்கள். அதில் கிடாரோடு நிற்பது வேறொருவன். அண்ணாச்சி இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.

மஞ்சளாகப் பட்டாணி அளவில் ஒன்று இருக்கிறது, அதை ஒட்டிப் பட்டை போட்ட சின்னது ஒன்று. இரண்டையும் வெட்டினால் போதுமா? கழற்றிவிட்ட டோன் ஒயர் எந்தக் காலில் சேரும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து கீழே எழுதுங்கள். அண்ணாச்சி இன்னும் மூடியைத் திருப்பி மாட்டவில்லை.